மெர்க்ருதியின் பத்து நாள்

ஆனந்தமேரி அக்காவின் இடது கையில் துணி சுற்றியிருந்ததை நான் சனிக்கிழமை காலையிலேயே பார்த்தேன். "கத்தி பட்டுடுச்சு" என்றாள். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஹாஸ்டல் சமையற்கட்டில் தினமும் இருநூறு பேருக்குக் காய் நறுக்குகிறவள். கத்தி படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம்பிவிட்டேன். கேஸை அணைத்தோமா என்று பாதி மாடிப்படியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான். பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது, யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று. அப்படிப்பட்டவள், பயப்பட வேண்டிய அந்த ஒரே இடத்தில் கோட்டை விட்டேன்.

அக்கா என் பெரியம்மா மகள். ஐம்பத்து நாலு வயது. பெரியப்பா மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். மில் மூடியபோது அக்கா மசேர்மார், அதாவது கன்னியாஸ்திரிகள், நடத்திய பள்ளியில் எட்டாவது. அதோடு படிப்பு நின்றது. தையல், பேக்கரியில் பொட்டலம் கட்டுவது, ஒரு டாக்டர் வீட்டில் சமையல் என்று போய், கடைசியில் இந்த ஹாஸ்டலில் நிலைத்தாள். அவள் கணவர் தனிஸ்லாஸ் மாமா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் ஜெஸ்டினுக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை நான் ஐந்து வார விடுப்பில் வருவேன். கருவடிக்குப்பத்தில் அவர்கள் வீட்டு மாடி அறைதான் எனக்கு.

தெருவில் அக்காவுக்கு 'நாய்க்கார மேரி' என்று பேர். அதை முகத்துக்கு நேரே சொல்கிறவர் எதிர்வீட்டு சின்னக்கண்ணு ஒருவர்தான். அவரும் பழைய மில் ஆள். கோழி வளர்க்கிறார். அக்காவின் நாய்கள் தன் கோழிகளை முறைக்கின்றன என்பது அவர் தினசரிப் புகார்.

நாய்கள் வந்த கதை ஊரடங்கு வருஷத்துக் கதை. ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். அக்காவுக்கு வேலை இல்லை. ஹாஸ்டல் எச்சில் சோற்றை நம்பியிருந்த நாய்களுக்கு அதுவும் இல்லை. ரேஷன் அரிசியைக் கஞ்சியாக்கித் தூக்கில் எடுத்துக்கொண்டு நடந்தே லாஸ்பேட்டைக்குப் போவாள். போலீஸ் மடக்கினால், "எங்க வீட்டு ஆளுங்களுக்குச் சாப்பாடு, சார்" என்பாள். மூன்றாம் வாரம் மாமாவுக்குக் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். பார்க்க விடவில்லை. வீட்டில் அக்கா தனியாள். வாசலில் பின்தொடர்ந்து வந்த நாலு நாய்கள். சாயங்காலம் ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் காது அடைத்துப் போனதாம். அதனால் சாப்பிட உட்கார்ந்ததும் சத்தமாக ஒன்று சொல்லிப் பார்த்தாளாம்: "ஆண்டவரே, இன்னைக்குப் போன் வந்துச்சு. நன்றி." மறுநாள் போன் வரவில்லை. "ஆண்டவரே, இன்னைக்கு அழுவுற மாரி போனும் வரல. நன்றி."

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு நன்றி. பெரிய நன்றியெல்லாம் கிடையாது. மோட்டார் ரிப்பேர் ஆகியும் தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருந்ததற்கு, கறிக்கடையில் கோழிக் கழுத்து நிறையக் கொடுத்ததற்கு, இப்படி. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்: "நான் இத்தினி புள்ளைங்கள ஏத்திக்கினு முழுசா வந்திருக்கேன். அத லிஸ்ட்ல சேக்க மாட்டியா?"

"அது உங்க வேலைங்க. வேலைக்கெல்லாம் நன்றி சொல்லிகினு இருந்தா சோறு ஆறிடும்."

நாய்களுக்குப் பேர் வைக்கும் முறை ஒன்றும் அவளிடம் இருந்தது. மசேர்மார் சொல்லிக் கொடுத்த ஃபிரெஞ்சில் அவளுக்கு மிஞ்சியது கிழமைகள் மட்டும். எந்தக் கிழமை வாசலுக்கு வருகிறதோ அதுவே பேர். திங்கள் வந்தவன் லாந்தி. சனிக்கிழமை வந்தவள் சம்தி. வியாழன் வந்த வெள்ளை வால் கிழவன் ஜூதி. லீசேயில், முழுக்க ஃபிரெஞ்சில் நடக்கும் பள்ளியில், பதிமூன்று வருஷம் படித்த நான் வாசலில் நின்று "சம்தி, லாந்திய விடு" என்று அதட்டும்போது எனக்கே சிரிப்பு வரும்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் புதிதாக ஒரு நாய் படுத்திருந்தது. செவலையும் வெள்ளையுமாக, விலா எலும்பு எண்ணும்படி மெலிந்து, வயிறு மட்டும் தரையில் இடித்துக்கொண்டு. அக்கா குனிந்து பார்த்தாள். "மாசம் நெருங்கிடுச்சு" என்றாள். "புதன்கெழம. மெர்க்ருதி."

அன்று சாயங்காலம் தவக்காலத்துக்கு யார் யார் எதை விடுவது என்ற பேச்சு வந்தது. மாமா பீடி என்றார். போன வருஷமும் அதையே சொன்னாராம். நான் காபி என்றேன். அக்கா, "நாய்ங்களுக்குக் கறி வேவ வெச்சே அந்த வாசனை சலிச்சுப் போச்சு, அதனால கறிய விடுறது எனக்குப் பெரிசில்ல. இந்த நாப்பது நாளும் யார் மேலயும் குறை சொல்றதில்ல. எது மேலயும்" என்றாள்.

"சின்னக்கண்ணு மேலகூடவா?" என்றார் மாமா.

"அவரு மேலயுந்தான்."

"நாப்பது நாளா. கர்த்தரே கஷ்டப்பட்டிருப்பாரு."

அது புதன். துணி சுற்றிய கையை நான் பார்த்தது சனி. அடுத்த வியாழக்கிழமை காலை அக்காவுக்கு வேலை இல்லை. கொல்லைக் குழாயடியில் துணியை அவிழ்த்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பல் துலக்கப் போனேன். கட்டை விரலுக்குக் கீழே, சதையில், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நாலு குழி. சுற்றிலும் மஞ்சள் காய்ந்திருந்தது.

"அக்கா, இது என்னா?"

"அதான் சொன்னேனே, கத்தின்னு."

"கத்திக்கு நாலு முனை கெடையாதுக்கா."

அவள் குழாயை மூடினாள். என்னைப் பார்க்காமல் துணியைப் பிழிந்தாள்.

"மெர்க்ருதிதான். போன வெள்ளிக்கெழம. எத்தினி குட்டின்னு வயித்துல கை வெச்சுப் பாத்தேன். வலிச்சிருக்கும் பாவம். லேசாதான் கவ்வுச்சு."

"ரத்தம் வந்துச்சா?"

"கொஞ்சூண்டு."

"ஏன்க்கா சொல்லல?"

"எப்டிச் சொல்றது. சொன்னா அது மேல குறை சொன்ன மாரி ஆவாதா? ஒத்துக்கிட்டு மூணு நாள்கூட ஆவல."

என் வாயில் பற்பசை நுரை. அதைத் துப்பக்கூட மறந்து நின்றேன். ஆறு நாள். கடிபட்டு ஆறு நாள், ஊசி இல்லை, சோப்புப் போட்டுக்கூடக் கழுவவில்லை. கேட்டதற்கு, "பாத்திரம் கழுவுற கைதானே, நாள் பூரா சோப்புலதான் கெடக்கு" என்றாள்.

"நாய் எங்க?"

துணியைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெர்க்ருதி சோற்றைத் தொடவில்லை. திங்களன்று பக்கத்தில் போன சம்தியைப் பார்த்து உறுமியது. செவ்வாய் காலை வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டு வாசலில் நின்றது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை.

"குட்டி போட எடம் தேடிப் போயிருக்கும். எல்லா நாயும் அப்டித்தான் போவும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே, என்னிடம் இல்லை, குழாயிடம் சொல்வது போல, "சாவப் போற நாயும் அப்டித்தான் போவும்" என்றாள்.

மாமா பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் ஆட்டோவில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டு மாமா அக்காவைத் திட்டவில்லை. "உங்க அக்காவக் கடிச்சிட்டு அது எங்கம்மா உசுரோட இருக்கப் போவுது" என்றார் என்னிடம். சிரித்தார். ஆனால் கருவடிக்குப்பத்திலிருந்து போகிற வழியில் இரண்டு இடத்தில் தப்பாகத் திரும்பினார். முப்பது வருஷமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவர்.

ஊசி போடும் அறையில் இருந்த நர்ஸ் சின்னப் பெண். சட்டையில் பூவிழி என்று பேர் குத்தியிருந்தாள். சோப்பையும் குழாயையும் காட்டி, கால் மணி நேரம் கழுவச் சொன்னாள். அக்கா கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"ஆறு நாளா இன்னாமா பண்ணிகினு இருந்தீங்க?"

"நோன்பு" என்றாள் அக்கா.

நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

தோளில் ஊசி. பிறகு கடிவாயைச் சுற்றியே ஒரு மருந்து, ஊசி ஊசியாக, கட்டை விரல் சதையில். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நன்றிமா. உன் கை மெத்துனு இருக்கு" என்றாள்.

"லேட்டா வந்தாலும் வந்துட்டீங்க. ஞாயித்துக்கெழம அடுத்த ஊசி. அப்புறமும் ரெண்டு இருக்கு, ஒண்ணக்கூட விடக்கூடாது" என்றாள் நர்ஸ். "நாய் இருக்குதா?"

"காணோம்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "தேடுங்க. கடிச்ச நாள்லேர்ந்து பத்து நாள் அது நல்லா இருந்துச்சுன்னா, கடிச்சப்ப அதுக்கு அந்த நோய் இல்லன்னு அர்த்தம். நிம்மதியா தூங்கலாம்." நாய் கிடைக்காவிட்டால் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

வெள்ளியிலிருந்து பத்து நாள் என்றால் அடுத்த திங்கள். நான்கு நாள் இருந்தது.

பிரான்ஸில் இந்த வெறிநாய்க்கடி நோய் இல்லாமல் போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அங்கே யாராவது நாய்க்குப் பயந்தால் பொறாமையாக இருக்கும், வெறும் பல்லுக்குத்தானே பயப்படுகிறார்கள் என்று. மாடி அறையில் போனை வைத்துக்கொண்டு ஃபிரெஞ்சில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தமிழில் கிடைத்ததையும் படித்தேன். இரண்டு மொழி தெரிந்தால் ஒரே பயத்தை இரண்டு தடவை பயப்படலாம். தாமதமாகப் போட்டாலும் ஊசி காப்பாற்றும் என்று இரண்டிலும் இருந்தது. பெரும்பாலும் என்றும் இருந்தது. அந்த 'பெரும்பாலும்' என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அறிகுறி வந்தால் தண்ணீர் இறங்காது. காற்று பட்டால் தொண்டை இழுக்கும். அறிகுறி வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அக்கா சொம்பைத் தூக்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்கு வைத்துச் சமையலறைக்குள் போய், அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"தண்ணி குடிக்கிறத ஏன்டி கொட்டக் கொட்டப் பாக்குற? உனக்கு வேணுமா?"

"இல்லக்கா."

"அப்ப போயி அரிசி களை."

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் தேடினோம். காலையில் நானும் அக்காவும் நடந்து. சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு மாமாவின் ஆட்டோவில். கருவடிக்குப்பம் சந்துகள், விமான நிலையத்துச் சுற்றுச்சுவர் ஓரம், உழவர்கரைப் பக்கம் கட்டி முடிக்காத வீடுகள். மாமா வண்டியை மெதுவாக விட்டுக்கொண்டே டீக்கடை டீக்கடையாகக் கேட்பார்: "செவலையும் வெள்ளையுமா, மாசமா ஒரு நாயி." சொல்லும்போது கையால் வயிற்றைக் காட்டுவார். ஒரு கடையில், "உன் சம்சாரமாப்பா?" என்று கேட்டுவிட்டார்கள். மாமாவும் சிரித்தார். ஆட்டோவைக் கிளப்பின பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே, கழற்ற மறந்தது போல, ரொம்ப நேரம் இருந்தது.

செத்த நாய்களையும் பார்த்தோம். சாலையோரம் அடிபட்டுக் கிடந்த ஒன்று தூரத்திலிருந்து செவலையாகத் தெரிந்தது. அக்கா இறங்கிப் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "இது ஆம்பள நாயி" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, பக்கத்துக் குப்பையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் மற்ற நாய்களுக்குச் சோறு ஒரு வேளைகூடத் தவறவில்லை. எனக்கு அவற்றைப் பார்த்தாலே உடம்பு கூசியது. லாந்தி வழக்கம்போல என் காலில் தலையைத் தேய்க்க வந்தபோது செருப்பைத் தூக்கி ஓங்கிவிட்டேன். அது நம்பாமல் என்னைப் பார்த்தது. அக்கா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லக்கூடாதே.

சனிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. அக்கா ஹாஸ்டலிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. மாமா பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஃபேன நிறுத்துடி. காத்து ஆவல எனக்கு" என்றாள்.

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. மாமாவின் கையில் பேப்பர் அசையாமல் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, நான் படித்ததையெல்லாம் எங்கேயோ அவரும் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் இருவர் முகத்தையும் அக்கா மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"காச்சலு" என்றாள். "ஊசிக்கு வரும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். கொதித்தது. மாமா எழுந்து ஃபேனை நிறுத்தினார். மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். முழுச் சொம்பையும் குடித்துக் கவிழ்த்துக் காட்டினாள்.

மாமா வெளியே போனார். பீடி வாசனை வந்தது.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய் நாய்ச் சோற்றுக்குக் கோழிக் கழுத்தைப் போட்டாள். நானும் போய்க் கதவோரம் நின்றேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கினு நீங்க ரெண்டு பேரும் என்னைய வேவு பாக்குறீங்க" என்றாள். கரண்டியால் கிண்டிக்கொண்டே பேசினாள். "எனக்கு ஒம்போது வயசு. மில்லு லைன் வீட்டுல எங்களுக்குப் பக்கத்து வீடு தணிகாசலம்னு. அவரு வளத்த நாயேதான் கடிச்சுது. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாளு காத்தால தண்ணி கேட்டாரு. கொண்டாந்து குடுத்தத் தட்டிவுட்டாரு. அப்புறம் கட்டில்ல கட்டிப் போட்டாங்க. எங்கம்மா என் காதப் பொத்திக்கினு இருந்துச்சு. பொத்துனாலும் கேட்டுது."

நான் கதவோரத்திலிருந்து உள்ளே வந்தேன்.

"அப்ப தெரிஞ்சும் ஏன்க்கா?"

"தெரிஞ்சதாலதான். நோன்பு கீன்பெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கிட்டது. வாயத் தொறந்து சொல்லிட்டா நெசமாயிடும்னு இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு." கரண்டியை வைத்தாள். "எனக்கு ஒண்ணு ஆனா ஜெஸ்டினுக்கு நீதான் போன் பண்ணணும். உங்க மாமாவால முடியாது. இதுங்களுக்கு ராத்திரிக்கு ஒரு வேளையாச்சும் யாராவது..." அதை முடிக்கவில்லை.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். உடம்பு சூடாக இருந்தது. ஈரக் கையை என் மேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாப்பிடும்போது நன்றி சொல்வாளா என்று நானும் மாமாவும் காத்திருந்தோம். சோற்றை இரண்டு தடவை பிசைந்தாள். "இன்னைக்குக் காச்சல்தான்னு தெரிஞ்சுதே" என்றாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு மோரைத் தேடினார்.

ஞாயிறு காலை இரண்டாவது ஊசி. காய்ச்சல் விட்டிருந்தது. போட்டுக்கொண்டு திரும்பி ஆட்டோ வாசலில் நின்றதும் சின்னக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். எங்களுக்காகவே காத்திருந்தவர் போல.

"இன்னா மேரி, இதுக்கு ஒரு முடிவு கட்ட மாட்டியா? பஞ்சாயத்து வெக்கணுமா?"

மாமா, "அண்ணே, இன்னைக்கு வேணாம்ணே" என்றார்.

"இன்னைக்கு வேணாம்னா என்னைக்கு? என் கருங்கோழி நாலு நாளா முட்டைய எங்கியோ போட்டுட்டு வருது. தேடிகினு போறேன். தெருக்கோடி காலி மனையில சக்கரம் இல்லாத ஒரு பழைய வேன் நிக்குதே, அதுக்குள்ளதான் போடும் வழக்கமா. கதவத் தொறக்குறேன், கையக் கவ்வ வருது உன் நாயி. நூலெழயில தப்பிச்சேன். அந்த செவலை."

அக்கா ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தபடி அப்படியே நின்றாள்.

"உள்ள சத்தம் கேட்டுதா?" என்றாள். "சின்னச் சத்தம்?"

"கேக்காம? கீச்சுகீச்சுன்னு. பெத்துப் போட்டிருக்குது என் கோழி எடத்துல. உனக்கு நாய் வளக்கணும், நான் முட்டைய வுடணும். இது இன்னா நியாயம்?" அவர் இன்னும் என்னவெல்லாமோ சொன்னார். ஜூதி போன மாசம் தூக்கிப்போன செருப்பு வரைக்கும் வந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, பயந்துபோய் மாமாவைப் பார்த்தார்.

எங்கள் வீட்டிலிருந்து இருநூறு அடி இருக்காது அந்த மனை. மூன்று நாளாக நாங்கள் உழவர்கரை வரைக்கும் அலைந்திருக்கிறோம்.

வேனின் பின்கதவு ஒருக்களித்திருந்தது. மாமா என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு முன்னால் போனார். கிழிந்த சீட்டுப் பஞ்சின் மேல் மெர்க்ருதி. வயிற்றோடு ஒட்டி எலிகள் மாதிரி ஐந்து குட்டிகள். எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டியது. வாயோரம் ஈரமாகத்தான் இருந்தது.

"உசுரோட இருக்கு" என்றேன்.

"உசுரோட இருக்கு. நல்லா இருக்குதான்னு தெரியலியே" என்றார் மாமா. "நாளைக்குத்தான பத்து."

பெற்றவள் உறுமுவதா, மற்றதா? எச்சில் வலியாலா, மற்றதாலா? எந்தப் பக்கத்துக்கும் பேசுகிற அறிகுறிகளாகவே இருந்தன. அக்கா சோறும் தண்ணீரும் ஒரு கொட்டாங்கச்சியிலும் அலுமினியத் தட்டிலுமாக நீளக் குச்சியால் உள்ளே தள்ளினாள். மெர்க்ருதி முகர்ந்தது. தொடவில்லை. சாயங்காலம் வரை மூன்று தடவை போய்ப் பார்த்தோம். சோறு அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்து. சின்னக்கண்ணுவும் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு முட்டையைப் பற்றிப் பேசவில்லை.

திங்கள் காலை ஆறரை மணிக்குப் போனோம். அக்கா சோற்றில் ஈரலைப் பிசைந்து எடுத்துக்கொண்டாள். நான் வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். வாசல்வரை போய்த் திரும்பி, மறுபடியும் பின்னாலேயே ஓடினேன். மனையில் முள்ளும் பாட்டிலுமாகக் கிடந்தது. வெயில் இன்னும் மனைக்குள் வரவில்லை. வேன் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. குட்டிகளின் சத்தம்கூட இல்லை.

மாமா நின்றுவிட்டார். அக்காவும்.

எங்களுக்கு வலது புறம், மனையின் கோடியில், செடி அசைந்தது. மெர்க்ருதி அங்கிருந்து வந்தது. குந்தி ஒன்றுக்கிருந்துவிட்டு, மண்ணைப் பின்காலால் இரண்டு தள்ளு தள்ளிவிட்டு, எங்களைப் பார்த்தது. நின்றது. எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு நாலடி பின்னால் வந்தாள். நாய் நேராக நடந்து வந்தது. கால் பின்னவில்லை. தள்ளாடவில்லை. தட்டில் மூக்கை வைத்ததுதான் தெரியும், ஈரலை முதலில் பொறுக்கி, பிறகு சோற்றை, பிறகு தட்டையே நக்கி, தட்டு நகர நகர அதன் பின்னாலேயே போய் நக்கியது. வால் ஆடியது, கொஞ்சமாக, அவசரத்தில் நினைவு வந்தது போல. பிறகு அக்காவின் பக்கம் வந்து, துணி சுற்றிய அந்தக் கையை முகர்ந்துவிட்டு வேனுக்குள் ஏறிக்கொண்டது. உள்ளே ஐந்து குட்டிகளும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின.

"பத்து" என்றாள் அக்கா.

நான் அழுதேன். அது புதிதில்லை, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அழுகிறவள். மாமாதான். ஆட்டோச் சாவியைப் பையிலிருந்து எடுத்தார். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் முழங்காலின் மேல் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தன. அவற்றை யாருடைய கைகளோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பத்து நாளில் அவர் சொன்ன வேடிக்கைகளில் ஒன்றுகூட அப்போது வரவில்லை.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள். ஏதோ ஒரு பிள்ளையின் அம்மா. குரல் எனக்கே கேட்டது: ஏழு மணியாகப் போகிறது, ஆட்டோ அண்ணன் இன்னும் வரவில்லையே, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாளே.

"வருவாரும்மா" என்றாள் அக்கா. "கொஞ்சம் லேட்டாவும். மத்த வீட்டுக்காரங்களுக்கும் நீங்களே ஒரு போன் பண்ணிடுங்க. இல்ல, வண்டி நல்லாதான் இருக்கு. அவருக்குத்தான் ஒரு பத்து நிமிஷம் வேணும்."

போனை வைத்துவிட்டு, முள்ளைக் காலால் ஒதுக்கி, அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். சாவி இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.